இல்லை என்றொரு பத்தி

தாம்பெரே நகரசபையில்
கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது என் வேலை.
இருமலை விட்டுவிடுவேன்.
கத்தலை
"உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்" என்று சுருக்குவேன்.
பத்தொன்பது வருடத்தில்
விரல் தப்பியது ஒரே ஒரு முறை.

அன்று ஒர்வோக்கி ரந்தாலா வந்திருந்தாள்,
நூலகப் பேருந்தின் ஓட்டுநர்.
அவள் பூட்ஸிலிருந்து பனி உருகி
அவைக்கூடத்து மரத்தரையில்
சின்னதாய் ஒரு குளம்.

பேருந்தை எல்லோருக்கும் தெரியும்.
செவ்வாய் ஹெர்வந்தா, புதன் கௌகயார்வி,
வியாழன் தெசோமாவில் பால்கடை வாசல்.
இருபது நிமிடம் நிற்கும்.
மைனஸ் இருபத்தாறிலும் நிற்கும்,
அணைத்தால் மறுபடி உயிர் வராதென்று
உறுமிக்கொண்டே.
உள்ளே ஏறியதும்
மூக்குக்கண்ணாடி வெள்ளை படர்ந்துவிடும்.
தலைப்புகள் தெளியும்வரை
அலமாரியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்
பாதிப் பேர்.

"கிளை நூலகம் கேட்கிறீர்கள்,
இரவல் போன புத்தகங்களுக்குக் கணக்கு உண்டா?"
நிதிக்குழுத் தலைவர் பெந்தி லௌஹா கேட்டார்.

"போனதற்கு அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது.
நான் போகாததைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று
நோட்டைத் திறந்தாள்.
எல்லாம் பென்சில் எழுத்து. குளிரில் மை உறைந்துவிடுமாம்.

பிப்ரவரி மூன்று. வெல்டிங் பற்றி, படங்களோடு. இல்லை.
அன்றே. இரட்டைக் குழந்தைகளைத் தூங்கவைப்பது எப்படி. இல்லை.
பிப்ரவரி பத்து. பெரிய எழுத்தில் ஏதாவது, எதுவானாலும் சரி. இல்லை.
வியட்நாமிய மொழியில் ஒன்று. இல்லை.
உட்கார்ந்து படிக்க நாற்காலி. இல்லை.
கழிப்பறை. இல்லை.
மார்ச் இரண்டு. ஒரு பையன்,
இன்னும் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்று. இல்லை.

நாற்பது நிமிடம் வாசித்தாள்.
லௌஹா கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார்,
பிறகு பார்க்கவில்லை.
"மேற்படி" என்று போட்டிருக்கலாம் நான்.
போடவில்லை.
ஒவ்வோர் இல்லையையும் முழுதாக அடித்தேன்.
அந்த வேகத்தில்தான்
"தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது" என்று வரவேண்டிய இடத்தில்
"இல்லை ஒத்திவைக்கப்பட்டது" என்று விழுந்துவிட்டது.
அடுத்த கூட்டத்தில்
யாரும் படிக்காமலே குறிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஹெர்வந்தாவுக்கு ஒரு கிளை வந்தது.
காலியாகிப்போன வங்கிக் கட்டிடம்.
பணப்பெட்டகத்தின் இரும்புக் கதவைக் கழற்றிவிட்டு
உள்ளே குழந்தைகளை விட்டார்கள்.
அப்புறம் தெசோமா. பின்னால் கௌகயார்வி,
அங்கே நாற்காலிகள் போதாமல்
ஜன்னல் விளிம்பில் எல்லாம் ஆட்கள்.
மாலை எட்டு மணிவரை விளக்கு.

ஒரு கிளை திறந்தால்
அவள் கால அட்டவணையில் ஒரு நிறுத்தம் அடிபடும்.
உட்கார்ந்த கிளையை வெட்டுகிறவர்களைக்
கூட்டத்துக்குக் கூட்டம் பார்க்கிறேன்.
கிளையை முளைக்கவிட்டு
உட்கார்ந்த இடத்தை இழக்கிற ஆளை
அதுவரை பார்த்ததில்லை.

படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன், "இனி எங்கே ஓட்டுவாய்?"
"சுற்றுச்சாலைக்கு அந்தப்புறம்
மூன்று கிரேன் நிற்கிறதே, கண்ணில் படவில்லையா?" என்றாள்.

அந்தக் கிரேன்கள் கட்டிய வீடு ஒன்றில்
இப்போது நான் குடியிருக்கிறேன், நான்காம் மாடி.
கடை இல்லை, பள்ளி இல்லை,
திங்கள்கிழமை பேருந்து மட்டும்.
நேற்று எனக்கு முன்னால் ஹோதன் என்ற பெண்
சோமாலியில் சமையல் புத்தகம் கேட்டாள்.
பென்சில் ஓடியது.

என் முறை வந்தது.
எத்தனையோ பேர் கேட்டதை அடித்த எனக்குக்
கேட்கக் கூச்சமாக இருந்தது.
"பியானோ" என்றேன். "ஐம்பது வயதுக்கு மேல்
விரல் பழக்குவதற்கு."

"இல்லை" என்றாள் ஒர்வோக்கி,
ஏதோ வந்து சேர்ந்துவிட்ட முகத்தோடு,
பென்சிலை நாக்கில் தொட்டு
என் பெயருக்கு எழுத்துக் கேட்டாள்.